கயிற்றின் மறுமுனை

நெய்வேலி என்றதும் நம் நெஞ்சம் நிமிரும். 1956-இல் நிறுவனம் உருவாயிற்று. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. 1962-இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல் நிலையம் மின்சாரம் தந்தது. நிலத்தைக் கொடுத்தவன் உழவன். மண்ணை அகழ்ந்தவன் தொழிலாளி. நாட்டுக்கு ஒளி வந்தது. அந்த ஒளியின் அடியிலே கிடக்கும் இருட்டைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மே 7. இரண்டாம் அனல் மின்நிலையத்தின் 6-ஆவது பிரிவுக் கொதிகலனிலே வெடிப்பு. எண்மர் காயமுற்றனர், அவர்களுள் சிலர் பிழைக்கவில்லை. இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் 5-ஆவது பிரிவிலே மற்றுமொரு வெடிப்பு. அன்றே மாண்டவர் 6 பேர். மருத்துவமனையில் கிடந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண் மூட, அந்த எண்ணிக்கை இருமடங்கையும் தாண்டிற்று. மாண்டவருள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இடைக்கால இழப்பீடாக 5 கோடி ரூபாய் கட்டுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! ஜூலையில் வெடித்த அந்தக் கொதிகலன் அப்போது ஓட்டத்தில் இல்லை என்றே அறிவிக்கப்பட்டது. நின்றுபோன இயந்திரம் என்று நெருங்கியவர்களைத்தான் நெருப்பு விழுங்கிற்று.

வெடித்துச் சாவது வேறு, மூச்சடைத்துச் சாவது வேறு, அறிவோம். ஆயினும் இரண்டும் புகட்டும் பாடம் ஒன்றே. நின்றுவிட்டது என்பதாலேயே இயந்திரம் அடங்கிவிடவில்லை. காலியாக இருக்கிறது என்பதாலேயே தொட்டி தீங்கற்றதாகிவிடவில்லை.

அனல் நிலையம் என்றால் அடைபட்ட இடங்கள் பல. கொதிகலனின் வயிறு, நிலக்கரிச் சேமக்கலம், புகை செல்லும் வழி, சாம்பல் தொட்டி. ஊருக்குள்ளே கழிவுநீர்த் தொட்டி. அங்கே இருக்கும் எமன் கண்ணுக்குத் தெரியான். நாம் மூச்சிழுக்கும் காற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு உயிர்வளி. அது 19.5-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. அடைத்து வைத்த பழுப்பு நிலக்கரியோ தானே உயிர்வளியை உறிஞ்சிச் சூடேறும். கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சையும் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கழிவுநீர்த் தொட்டியின் ஹைட்ரஜன் சல்பைடோ முதலில் அழுகிய முட்டையாய் நாறும். அளவு மிஞ்சியதும் முகரும் புலனையே மரத்துப்போகச் செய்யும். “நாற்றம் போயிற்று, இனி இறங்கலாம்” என்று எண்ணுகிறவன் ஏறி வருவதில்லை.

அவனைக் காக்கப் பாய்கிறான் அடுத்தவன். அவனும் வீழ்கிறான். இத்தகைய இடங்களில் மாண்டவருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1986-இல் எச்சரித்தது. அன்பு கொன்றது என்பதா? பயிற்சி இன்மை கொன்றது என்கிறோம் நாம்!

சட்டம் இல்லாமலா போயிற்று? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு தெளிவாகவே பேசிற்று. தக்கவர் ஒருவர் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும். அல்லது, இறங்குகிறவன் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்பு வாரிலே கயிறு பூட்டி, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவன் பிடித்திருக்க வேண்டும். போபால் கொடுமைக்குப் பிறகு, 1987-இல், பயிற்சி பெறும் உரிமையும் தொழிலாளிக்குச் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்திலே இன்று 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடக்கிறது. பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்று அதுவும் கூறுகிறது. பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் பொறுப்பை அரசின் ஆணைக்கு விடுகிறது. சட்டம் மாறலாம், கயிறு நழுவக் கூடாது!

கயிற்றை அறுப்பது எது? அறியாமை பாதி, அச்சம் பாதி. “இறங்க மாட்டேன்” என்று இன்று சொன்னால் நாளை வாயிற்சீட்டு கிடைக்குமா என்ற அச்சம். நிரந்தரத் தொழிலாளிக்கு அவன் பின்னே சங்கம் நிற்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பின்னே நிற்பது அவன் அடுப்பும், அதில் உலை ஏற்றக் காத்திருக்கும் மனைவியும்தான். ஒப்பந்தக்காரர் மாறுவார்; பயிற்சிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி மட்டும் மாறாது. அதற்கு விடை ஒன்றே: எவருடைய தொட்டியோ, அவரே பொறுப்பு.

ஆகவே கேட்கிறோம். சம்பளப் பட்டியலில் பெயர் எங்கே இருந்தாலும் பயிற்சி ஒன்றாகவே இருக்கட்டும். அது ஏட்டில் கையொப்பம் வாங்கும் சடங்காக இராமல், கருவியை அணிந்து, கயிற்றைப் பூட்டி, மயங்கியவனை வெளியே இழுத்துப் பழகும் பயிற்சியாக, அவன் பேசும் மொழியில் நடக்கட்டும். மறுத்தவனுக்கு அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் உறுதியாகட்டும்.

தோழர்களே! ஆலை வாயிலில் கொடி ஏற்றுவதோடு நம் பணி முடிவதில்லை. இறங்கப் போகும் தோழனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காற்றைச் சோதித்தது யார்? சான்று எங்கே? கயிற்றின் மறுமுனை யார் கையில்? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையேல் அவனை இறங்க விடாதீர்கள். உலையில் வெந்தவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.