முதல் திருட்டு கேஸுக்கு வக்கீல் எதற்கு?

"சின்ன கேஸ்தானே... வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்கிற காசில் ஃபைனைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்!"

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெர்ஃப்யூம் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு பிடிபட்ட கல்லூரிப் பையனுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சொல்பவர் ரூம்மேட்டாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், சில சமயம் ஸ்டேஷன் ஏட்டய்யாவாகவே இருக்கலாம். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பையனைக் கவிழ்க்க இதைவிட மோசமான அறிவுரை கிடையாது.

கேஸ் சின்னதா பெரியதா என்பதைப் பாட்டிலின் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. எஃப்.ஐ.ஆரில் எழுதப்படும் செக்‌ஷன் நம்பரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டுக்கு 303(2). மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் தடவை குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இந்தச் சலுகைக்குள் வரும் கேஸ் ஜாமீனில் விடக்கூடியது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது.

நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டே நம்பர் தள்ளி 305 என்று ஒரு பிரிவு உட்கார்ந்திருக்கிறது (பழைய 380-தான் இது). வீட்டில் அல்லது பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டு. ஏழு வருடம் வரை சிறை, அபராதம், ஜாமீன் கொடுப்பது கோர்ட் மனசு. கடை என்பது சரக்கைப் பாதுகாக்கிற கட்டடம்தானே என்று எழுதுகிறவர் நினைத்தால் போதும், அதே பெர்ஃப்யூம் பாட்டில் ஏழு வருட கேஸ் ஆகிவிடும். "அய்யா, இது 303-ல்தான் வரும்" என்று பையனா வாதாடப் போகிறான்? சித்தப்பாவா?

சரி, 303(2) என்றே எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் அந்த "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு" வருகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு. சமூக சேவையோடு முடிந்தாலும் அது விடுதலை கிடையாது, தண்டனைதான். நாளை இன்னொரு திருட்டு கேஸில் அவன் பெயர் வந்து, அதிலும் குற்றவாளி என்று தீர்ப்பானால் (முட்டாள்தனமாகவே இருக்கட்டும்) குறைந்தபட்சம் ஒரு வருடக் கடுங்காவல், அதிகபட்சம் ஐந்து வருடம். இன்று ஃபைன் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு இருக்கிறது. 303(2) சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் கேஸை முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம்! ஒரே பையன், ஒரே பாட்டில், ஒரே கோர்ட். ஒரு வழியில் குற்றவாளி, இன்னொரு வழியில் விடுதலை. முன்பே தண்டனை வாங்கி, அதனால் கூடுதல் தண்டனைக்கு ஆளாகக்கூடியவனுக்கு இந்தக் கதவு திறக்காது. கடை பெரிய கம்பெனியாக இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது, எந்த அதிகாரத்தில் போடுவது என்றெல்லாம் சிக்கல் வரும். வக்கீலின் வேலையே இதுதான். 305 என்றால் இந்தச் சமரசமும் எளிதில் நடக்காது, ஹைகோர்ட் வரை போய்க் கேஸை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.

தீர்ப்பே குற்றவாளி என்று வந்தாலும் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதல் தடவை என்றால் எச்சரித்து அனுப்பிவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஒப்புதல் கடிதம் என்பது இன்னொரு வில்லங்கம். பிடிபட்டவனைப் பின்னறையில் உட்காரவைத்து "எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்" என்பார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் கோர்ட்டில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு அந்தத் தடை கிடையாது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரசு வேலைக்கான படிவத்தில் "உங்கள் மேல் வழக்கு உண்டா" என்று கேட்பார்கள். மறைத்தால் வேலையே போகலாம். மறைத்தவர்களை என்ன செய்யலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விரிவாகவே சொல்லியிருக்கிறது. கேஸ் எப்படி முடிந்தது என்பது அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் உறைக்கும்.

"திருடியவனுக்கு வக்கீல் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. செய்த தப்புக்குத் தண்டனை இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? எண்ணூறு ரூபாய்த் தப்புக்கு எண்ணூறு ரூபாய் அளவு தண்டனை என்பதுதான் கேள்வி. தவிர, பில் போட மறந்தவனும் அலாரம் தப்பாக அடித்து மாட்டியவனும் இதே ஸ்டேஷன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைக்காரரே பணத்தை வாங்கிக்கொண்டு, புகார் கொடுக்காமல் அனுப்பிவிட்டால் வக்கீல் தேவையில்லை. புகார் பதிவாகிவிட்டால் தேவை, அவ்வளவுதான். கோர்ட் வாசலில் தோளில் கைபோடும் புரோக்கர்களிடம் மாட்டக்கூடாது. ஃபீஸ் பேசுவதற்கு முன் "எந்த செக்‌ஷன், சமரசம் ஆகுமா, ஆகாதா" என்று கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

காசில்லையா? 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வசதியில்லாதவன் தானாகக் கேட்காவிட்டாலும், இந்த உரிமை இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டே சொல்லியாக வேண்டும் என்று சுக் தாஸ் வழக்கில் 1986-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும். போனில் என்றால் 15100.