சட்டையை மட்டும் தைத்த ஊர்

ஆல்வின் ஹேண்ட்மேக்கர் என்ற பெயரைத் திருப்பூரில் நாம் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருக்க வேண்டும், அவரும் நம்மைப் போல ஆயத்த ஆடைக்காரர்தான். அமெரிக்காவில் ‘வெதர்வேன்’ என்ற பெயரில் பெண்களுக்கான உடைகளைத் தைத்து விற்றவர். 1950-ல் அங்கே 13 பெண்கள் சேர்ந்து எல்பிஜிஏ என்ற தொழில்முறை கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார்கள். கையில் காசில்லை. மைதானத்தை ஒழுங்குசெய்வது, விதிகளைக் கவனிப்பது, பத்திரிகைக்குச் செய்தி சொல்வது, ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போவது எல்லாம் ஆடுகிறவர்களே. அந்த முதல் சீசனில் ஹேண்ட்மேக்கர், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நான்கு ஊர்களில் ஒரு தொடர் நடத்தப் பணம் போட்டார். நான்கையும் சேர்த்து முதலில் வருபவருக்கு 5,000 டாலர். பேப் ஸஹாரியாஸ் வாங்கிப் போனார். ஹேண்ட்மேக்கர் புண்ணியத்துக்குச் செய்யவில்லை, உடை விற்கத்தான் செய்தார். சங்கத்தின் போட்டி மேலாளருக்கு விளையாட்டுப் பொருள் செய்யும் வில்சன் கம்பெனி சம்பளம் கொடுத்ததும் வியாபாரக் கணக்குதான். இருக்கட்டுமே, சீசன் நடந்ததல்லவா!

நம் நாட்டில் இதே கட்டம் வந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 1997-லேயே கொல்கத்தாவின் ஸ்மிருதி மெஹ்ரா எல்பிஜிஏ-வில் ஆடப் போய்விட்டார், அங்கே ஆடிய முதல் இந்தியர் அவர். 2004-ல் இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் உருவானது. 2007-ல் பெண்களுக்கான இந்திய ஓபன் தொடங்கியது. இடையில் 2005 தொடக்கத்தில் ஆடை ஏற்றுமதிக்கான கோட்டா முறை முடிந்து, ஆர்டர்கள் நம் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தன. நிட்டிங் மெஷின் வாங்கினோம், ஷெட் கட்டினோம், ராத்திரி ஷிப்ட் ஓட்டினோம். அந்த ஓட்டத்தில் பெண்கள் கோல்ஃப் என்று ஒன்று இருப்பதே நம் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ‘அதனால் நமக்கு எத்தனை பீஸ்?’ என்றுதான் கேட்டிருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தின் சட்டை நமக்கு மனப்பாடம். பிக்கே துணி, காலர், பிளாக்கெட், காஜா பட்டன், பெண்களுக்கான ஸ்பெக் தனி. மட்டையைச் சுழற்றும்போது தோள் திரும்பக் கைக்குழியில் இவ்வளவு இடம் வேண்டும் என்று பையர் கேட்டால் நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தோம். யார் தோள் என்று நாம் கேட்டதில்லை.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. நம் ஊரில் சம்பள நாள். அன்று காலைதான் திடீரென்று எல்லோரும் செல்போனில் கோல்ஃப் பார்த்தோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார், பையைச் சுமந்து கூட நடந்தது அவருடைய அம்மா. வெள்ளிக்கான பிளே-ஆஃபுக்கு ஒரே ஒரு அடி குறைந்தது, நான்காம் இடம். ‘பாவமுங்க, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலை’ என்றோம். சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்க, காலையில் பார்த்ததை அத்தோடு மறந்தோம். அதிதி 18 வயதில் ரியோவில் ஆடியதும், அதே 2016-ல் இந்திய ஓபனை வென்றதும் நமக்கு அதற்கு முன்பும் தெரியாது, பின்பும் தேடவில்லை. காது கேளாத தீக்ஷா டாகர் 2019-ல் தென்னாப்பிரிக்கப் பெண்கள் ஓபனை வென்றாரே, அதுவும் அப்படித்தான் நம்மைக் கடந்து போனது.

அது பணக்காரர் ஆட்டம், நமக்கெதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் கபடிக்கும் வாலிபாலுக்கும் என்ன மைதானம், என்ன மட்டை? அங்கேயும் நம் பிள்ளைகளை நாம் பார்க்கவில்லையே! ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது, அதைத் தைக்கும் கைகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. அந்தப் பெண்களில் ஒருவரின் மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துக் கை தட்டுவோம். பிளஸ் டூ முடிந்ததும் அதே பிள்ளையை ஓவர்லாக்கில் உட்காரவைப்போம். ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். முதலாளி, மேஸ்திரி, இதை எழுதுகிற நான், வாசிக்கிற நீங்கள், ஒருவரும் இதற்கு விலக்கில்லை. ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது, சர்க்காரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. நமக்கு எது சுலபமோ அதைச் செய்தோம்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. ஒரு கம்பெனி பெயரைப் போட்டுப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தினால் அதுவும் விளம்பரம்தான். ஹேண்ட்மேக்கருக்குக் கட்டுபடியாகியிருக்கிறது, நமக்கு ஆகாதா? கோல்ஃபிலேயே செய்யலாம் என்றால் கோவை செட்டிபாளையத்தில் 18 குழி மைதானம் இருக்கிறது, பெண்களுக்கென்று ஒரு தேசியத் தொடரும் நடக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் உள்ளூரில் ஆரம்பிக்கலாம். பையர் தள்ளிவிட்ட மிச்சச் சரக்கைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம், அதைத்தான் இத்தனை நாளும் கொடுத்தோம். கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இந்த வாரம் ஒருமுறை போங்கள். பெண்கள் அணி இருக்கிறதா, யார் யார் ஆடுகிறார்கள் என்று பி.டி. டீச்சரைக் கேளுங்கள். போகும்போது ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். அந்தப் பிள்ளைகளின் அளவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.