வீடு பார்க்க யார் போவது?

வேலைக்கான கடிதம் கணவர் பெயரில் வருகிறது. விசா முதலில் அவருக்கு. விமானம் ஏறுவதும் அவர்தான். இரண்டு மூன்று மாதம் கழித்து மனைவியும் பிள்ளைகளும் போய் இறங்கும்போது அங்கே ஒரு வீடு தயாராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தெற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கம் மாற்றலாகும் பொறியாளர் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் வரிசை. மனைவிக்கு வேலை கிடைத்துக் கணவர் பின்னால் போகிற குடும்பங்களும் உண்டு. அங்கே ஆள் மாறுகிறது, சிக்கல் மாறுவதில்லை. வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பார். பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவர் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

வெளிநாட்டில் பிடிக்கும் முதல் வீட்டை, அதில் அதிக நேரம் இருக்கப்போகிறவரின் பகல் பொழுதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலகத் தூரம், வாடகை, அறைகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை ஸ்டுட்கார்ட்டை வைத்தே பார்க்கலாம். அந்த ஊரின் தரையே இந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகிறது.

ஸ்டுட்கார்ட் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் நகரம், சுற்றிலும் சரிவு, சரிவில் வீடுகள். ஒரு தெருவிலிருந்து மேல் தெருவுக்கு ஏற நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறிப் போன வழிகள் அவற்றில் பல. தனி ஆளாகப் போகிறவருக்கு அழகான ஊர். இரண்டு வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, தோளில் காய்கறிப் பையோடு, நான்காவது மாடியில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்துக்குத் திரும்புகிறவருக்கு அதே ஊர் வேறு மாதிரி இருக்கும். வேலைகளோ பெரும்பாலும் பள்ளத்துக்கு வெளியே. மெர்சிடிஸ் தொழிற்சாலை 1915 முதல் ஸின்டல்ஃபிங்கனில் இருக்கிறது. போஷ் நிறுவனத்தின் தலைமையகம் கெர்லிங்கனில், அதன் ஆராய்ச்சி வளாகம் ரெனிங்கனில். எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில் இந்த ஊர்களில் பலவற்றை ஸ்டுட்கார்ட்டோடு இணைக்கிறது. ஆக, நகருக்குள்தான் வீடு வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. கணவர் இரண்டு வீடுகளை வீடியோவில் காட்டுகிறார். ஒன்று ஸ்டுட்கார்ட் மேற்கில், உயர்ந்த கூரை, மரத்தரை, பெரிய ஜன்னல்கள், நான்காவது மாடி. இன்னொன்று ஸின்டல்ஃபிங்கனுக்குப் பக்கத்து ஊரான பூப்ளிங்கனில், எழுபதுகளில் கட்டிய அடுக்குமாடி. பார்க்க ஒன்றுமில்லை, லிஃப்ட் இருக்கிறது. படத்தில் முதல் வீடு மனதை அள்ளுகிறது. "ஏங்க, சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்கிறார் மனைவி. "ஜன்னல் இல்லம்மா, ஹாலோட சேர்ந்த மாதிரி இருக்கு. அடுப்பும் இல்ல, நாமதான் வாங்கிப் போடணும்."

இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ அடங்கியிருக்கிறது. ஜெர்மனியில் வாடகை வீடு பல நேரம் சமையலறை இல்லாமல்தான் கைக்கு வரும். சுவரில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் இருக்கும். தொட்டி, அலமாரி, அடுப்பு எல்லாம் குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது ஒரு விலை சொல்லி வருகிறவர் தலையில் விட்டுப்போவார். புதிதாகப் போட்டால் சில ஆயிரம் யூரோ, மாட்ட ஆள் கிடைப்பதற்குள் சில வாரம். கைக்குழந்தையோடு வந்து இறங்குகிற குடும்பம் அந்த வாரங்களை ஒற்றை மின் அடுப்பில் ஓட்ட முடியாது. முதல் வீட்டுக்குச் சமையலறை பொருத்தியே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. விளம்பரத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கும்.

ஜன்னல் இன்னும் முக்கியம். சோறு வடிப்பதும் இட்லி அவிப்பதும் குக்கர் விசில் விடுவதும் வீட்டுக்குள் ஈரத்தைச் சேர்க்கும். குளிர்காலத்தில் அடைத்த வீட்டில் அந்த ஈரம் குளிர்ந்த சுவர் மூலைகளில் போய்ப் படிந்து கரும்பூசணமாகிறது. ஜெர்மனியில் வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் நடக்கும் சண்டைகளில் பூசணத்துக்குத் தனி இடம் உண்டு. தினம் சில தடவை எல்லா ஜன்னலையும் ஐந்து பத்து நிமிடம் விரியத் திறந்து காற்றை மாற்ற வேண்டும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பாடம். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியும் பல வீடுகளில் காற்றை வெளியே தள்ளாது. வடிகட்டி அறைக்குள்ளேயே விடும். ஆகவே சமையலறைக்குத் தனி ஜன்னல் இருக்கிற வீடு, பிள்ளைகளின் இருமலையும் முன்பணத்தையும் சேர்த்துக் காப்பாற்றும்.

அறைக் கணக்கு நம் கணக்கு இல்லை. அங்கே ‘மூன்று அறை வீடு’ என்றால் ஹாலையும் சேர்த்து மூன்று. நம்மூர் இரண்டு படுக்கையறை வீடு. கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி வீடுகளில் சாய்வுச் சுவர் இருக்கும். பரப்பளவு விதிப்படி உயரம் ஒரு மீட்டருக்குக் குறைந்த இடம் கணக்கில் சேராது, ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வரை பாதிதான் சேரும், பால்கனி பொதுவாகக் கால் பங்கு. அப்படிக் கழித்த பிறகும் பீரோ வைக்க ஒரு நேர்ச்சுவர் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஏசி இல்லாத அந்த வீடுகள் ஜூலையில் கொதிக்கும் என்பதையும், அலுவலக ஏசியில் இருப்பவருக்கு அது தெரிய வராது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் சூரியன் காலை எட்டு மணிக்கு மேல்தான் எழும், நாலரைக்குள் இறங்கிவிடும். வேலைக்குப் போகிறவர் இருட்டில் போய் இருட்டில் வருவார், வீடு எந்தத் திசை பார்த்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். கோயம்புத்தூர் வெயிலிலிருந்து போய், பேச ஆளில்லாத முதல் குளிர்காலத்தைக் கழிக்கப்போகிற பெண்ணுக்குத் தெற்கு பார்த்த ஒரு ஜன்னல் அத்தியாவசியம். வீடியோவில் படுக்கையறையின் அழகைக் காட்டுவதை விட்டுவிட்டு, போனில் திசைகாட்டியைத் திறந்து ஹாலின் நடுவில் நின்றால் போதும்.

வாடகையை இரண்டாகச் சொல்வார்கள். வெறும் வீட்டுக்கானது கால்ட்மீட்டே. சூடேற்றல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு போன்றவற்றின் முன்கட்டணத்தையும் சேர்த்தால் வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே. ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பகலெல்லாம் ஆள் இருக்கிற வீட்டில் சூடேற்றும் செலவு கூடும் என்பதால், வீடு காட்டும்போதே அதன் எரிசக்திச் சான்றிதழைக் கேட்க வேண்டும். காட்டுவது சட்டக் கடமை. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதாவது 1,300 யூரோ வீட்டுக்கு 3,900க்கு மேல் கேட்கக் கூடாது; அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. 2015 ஜூன் முதல், வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு வாடகைதாரர் கமிஷன் தர வேண்டியதில்லை.

இவ்வளவு பார்த்துப் பொறுக்க அங்கே வீடு கொட்டிக் கிடக்கிறதா? இல்லை. இந்த நியாயமான எதிர்க்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். பெரிய நகரங்களில் ஒரு விளம்பரத்துக்கு விண்ணப்பங்கள் குவிகின்றன. சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஷூஃபா என்கிற கடன் நம்பகச் சான்று என்று வீட்டுக்காரர் கேட்பார். புதிதாக இறங்கியவருக்கு ஷூஃபாவில் வரலாறே இருக்காது. பெயரும் குறுக்கே வரும். டெர் ஷ்பீகலும் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமும் 2017இல் சேர்ந்து பத்துப் பெருநகரங்களின் வீட்டு விளம்பரங்களுக்குக் கற்பனைப் பெயர்களில் ஏறக்குறைய 20,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தன. எழுத்தும் தகுதியும் ஒன்றுபோலிருந்தும் துருக்கிய, அரபுப் பெயர்களுக்குப் பதில் குறைவாகவே வந்தது. இப்படி ஒதுக்குவதை 2006இன் சமநடத்தைச் சட்டம் தடுக்கிறது என்றாலும், பதில் வராத மின்னஞ்சலை வைத்து வழக்குப் போடுவது எளிதில்லை. இந்த நெருக்கடியில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. அதனால்தான் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். மரத்தரையை விடலாம். ஒரு அறையைக்கூட விடலாம். லிஃப்ட்டையும் சமையலறை ஜன்னலையும் விடக் கூடாது.

முகவரியையும் விடக் கூடாது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. பதிந்த பிறகே வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி எல்லாம் அதைத் தொட்டே நகரும். தபால்பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், கதவு எண் பார்த்துக் கடிதம் போடும் வழக்கம் அங்கே கிடையாது. பதிவுக்குச் சான்று தர மாட்டேன் என்கிற வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்’ என்கிற ஆள் வீட்டுக்காரரே அல்ல, மோசடிக்காரர்.

மகளின் பள்ளியைத் தீர்மானிப்பதும் அந்த முகவரிதான். ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பொது ஆரம்பப் பள்ளி, வீடு இருக்கும் வட்டாரத்தின்படி அமையும். ஜூன் 30க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளை அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளியில் சேர வேண்டும். ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்புகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் கிடையாது. ஆகவே வீடு பிடிக்கும் முன் கேட்க வேண்டியது, இந்தத் தெரு எந்தப் பள்ளிக்குச் சேரும், அங்கே ஆயத்த வகுப்பு இருக்கிறதா என்பது. அந்த ஊரில் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். சில பள்ளிகளில் மதியமே வீடு திரும்பிவிடுவார்கள். அந்த மதியமும் வீட்டில் இருப்பவரின் பகல் பொழுதுதான்.

ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இடம்தான் போதவில்லை. காப்பகம் கிடைத்தால்தான் தாய் மொழி வகுப்புக்குப் போக முடியும். மொழி வந்தால்தான் அவர் விட்டுவிட்டு வந்த வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச முடியும். மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த, பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் ‘கொஞ்ச நாள்’ என்று நினைத்துப் போய் ஆண்டுக்கணக்கில் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அவர்களின் ஊக்கக் குறைவைக் காரணம் சொல்வது பெரிய அநியாயம். காப்பகத்துக்கும் மக்கள் கல்லூரி எனப்படும் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயின் மொழி வகுப்புக்கும் எஸ்-பான் நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு, அவருடைய பிழைப்பையே மாற்றிவிடும். பூப்ளிங்கன் வீடு அப்படி அமைந்தால், அதன் அழகு அங்கேதான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும். மாவரைப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஸ்டுட்கார்ட் பகுதியில் படிக்கட்டையும் வாசலையும் வீடுகள் முறைவைத்துக் கூட்டித் துடைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நம் முறையைத் தவறவிடாமல் இருந்தாலே எதிர்வீட்டுப் பாட்டி பேசத் தொடங்கிவிடுவார், மொழி வகுப்பு அங்கேயே தொடங்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேட வேண்டும். சாதாரணமாக வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம். ஆனால் குறிப்பிட்ட காலம்வரை இருதரப்பும் காலி செய்வதில்லை என்று ஒரு நிபந்தனை சேர்க்க முடியும், நான்கு ஆண்டுவரைகூட. பார்க்காத வீட்டுக்கு நான்கு ஆண்டு வாக்குக் கொடுப்பது ஆபத்து. ஓராண்டாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். புரியாத இடங்களை உள்ளூர் வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகிக் கேட்டுக்கொள்ளலாம். சந்தா பெரிய தொகை இல்லை.

இதையெல்லாம் விட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. பல நிறுவனங்கள் முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக வீடு தருகின்றன. கணவர் அந்த வாரங்களில் அவசரமாக வீடு தேடி முடிப்பதற்குப் பதிலாக, குடும்பமே அந்தத் தற்காலிக வீட்டில் வந்து இறங்கலாம். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் பள்ளி விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீள்கிறது. அந்த ஆறேழு வாரத்தில் மனைவியே போய் ஜன்னலைத் திறந்து பார்க்கலாம், தள்ளுவண்டியோடு நிலையம்வரை நடந்து பார்க்கலாம், பள்ளி வாசலில் நின்று பார்க்கலாம். நெருக்கடி மிகுந்த சந்தையில் ஆறு வாரம் போதாமலும் போகலாம். ஆகவே தற்காலிக வீட்டை மேலும் இரண்டு மாதம் நீட்டிக்க முடியுமா, முகவரிப் பதிவுக்கு அங்கேயே சான்று தருவார்களா என்ற இரண்டையும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.