எழுதி வாங்கினால் சூடு ஆறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெற்ற அப்பனிடம் கெண்டைக்காலில் கரண்டிச் சூடு வாங்கிய ஒரு சிறுமியின் கதை எங்கள் கொம்யூன் முழுக்கப் பேசித் தீர்ந்தது. ஊர் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும், அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். அந்த ஒரு பிரிவை மட்டும் அதிகாரிகள் வெகு கறாராகக் கடைப்பிடித்தார்கள்: பிள்ளையின் பெயரைக்கூட அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பன் செய்த கொடுமை ஒரு பக்கம். அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். தாயில்லாப் பேத்தியின் கெண்டைக்காலைக் காட்டி ஆயா அழுதிருக்கிறார். காவலர்கள் அப்பனை வரவழைத்து, நாலு அதட்டல் போட்டு, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அவன் வந்த வண்டியிலேயே பிள்ளையையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆயாவுக்குக் கிடைத்த பதில் இது: “பெத்த அப்பன்கிட்டேர்ந்து பிள்ளையைப் பிரிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. கோர்ட்டுல ஆர்டர் வாங்கிட்டு வா, ஆயா.”

களையெடுப்பும் நூறு நாள் வேலையுமாகப் பிழைக்கிற கிழவி அவர். புதுச்சேரிக்கு பஸ் ஏறி, வக்கீலைப் பிடித்து, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனுப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து ஆணையோடு திரும்பும்வரை அந்த வீட்டில் கரண்டி காயாமல் காத்திருக்குமா?

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அன்றைக்கு அந்த ஆணை தேவையே இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், உடன் வாழ்பவரால் காயப்படுத்தப்பட்ட பிள்ளையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. அந்த உடன் வாழ்பவர் காப்பாளராகவே இருந்தாலும் அப்படித்தான். அப்பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமை செய்தால் 75-வது பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நல அலுவலராக இருந்தாக வேண்டும். அவர் அன்று விடுப்பில் இருந்தாரா, அல்லது வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்ததே அவர்தானா?

‘குடும்ப விவகாரம், வெளியார் தலையிடக் கூடாது’ என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே சொல்லிவிட்டது. அது சென்னையில் குடியிருந்த ஒரு தம்பதியின் வழக்குதான். பெரியவர்களுக்குச் செய்தி வந்துசேர ஐம்பது ஆண்டு போதவில்லை.

‘பெற்றவனுக்குத்தானே முதல் உரிமை?’ என்பது அடுத்த கேள்வி. 1992-இல், இறந்துபோன மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த ஒரு தந்தை பிள்ளைகளைக் கேட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு, தாய்மாமனிடமே விட்டார்கள். 2008-இல் கொல்கத்தா வழக்கொன்றில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தந்தை பக்கம் நின்றன. வரதட்சணைச் சாவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அவரிடம் பையனை ஒப்படைக்க மறுத்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு வழக்கிலும் பிள்ளையின் வாயைத் திறக்கவைத்துக் கேட்டார்கள். இங்கே அதைச் செய்ய ஒருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

விடுதியில் போட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்ற கவலையும் வேண்டாம். தகுதியான நபரிடம் ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆயா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

புதுச்சேரிக்கு இதெல்லாம் தெரியாத சங்கதியும் அல்ல. 2020 அக்டோபரில் வில்லியனூர் பக்கம் ஒரு வாத்துப் பண்ணையில் கொத்தடிமைகளாகக் கிடந்து, பாலியல் கொடுமைக்கும் ஆளான சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகப் பெற்றோரே அங்கு விட்ட பிள்ளைகள். அன்று களம் இறங்கியது இதே குழந்தைகள் நலக் குழுதான். ‘பெற்றோர் சம்மதத்தோடுதானே வாத்து மேய்க்கிறார்கள், கோர்ட்டு ஆர்டர் எங்கே’ என்று குழு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிள்ளையைப் பெற்றவரிடமே திருப்பி அனுப்பும் பிடிவாதத்தின் விலையை இங்கிலாந்து எப்போதோ கொடுத்துவிட்டது. அத்தை வீட்டில் நன்றாக வளர்ந்த மரியா கால்வெல் என்ற சிறுமியை 1971-இல் தாயிடம் திருப்பி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தாரும் ஆசிரியரும் மாற்றி மாற்றி எச்சரித்தும் அசைவில்லை. 1973 ஜனவரியில் மாற்றாந்தந்தை அடித்து அவள் இறந்தாள். விசாரணை, கொந்தளிப்பு, 1975-இல் புதிய சட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

நம் ஊரும் லேசுப்பட்டதல்ல. 2024 மார்ச்சில் சோலை நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே தெருவில் இறங்கியது, கடைகள் அடைத்தன, அமைச்சர்கள் ஆறுதல் சொன்னார்கள். செத்த பிள்ளைக்கு பந்த் நடத்தத் தெரிந்த ஊரில், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வெள்ளைத்தாள்தான் மிச்சம். நவம்பர் 14-ஆம் தேதி மேடையில் ரோஜாப்பூ கொடுக்க மட்டும் எந்த ஆணையும் தேவைப்படுவதில்லை.

அந்தத் தாள் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் எழுதி வாங்கப்பட்டது என்று காவல் துறை மேலிடம் சொல்லட்டும். குழந்தைகள் நலக் குழு தானே முன்வந்து விசாரிக்கலாம். ஆயாவின் மனுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பாளர் உரிமை நீதிமன்றத்தில் பிறகு முடிவாகட்டும், அதற்கு இலவச சட்ட உதவியும் உண்டு. ஊர் பெயரும் வீட்டு அடையாளமும் தங்கள் அலுவலகத்துக்குத் தனி உறையில் அனுப்பப்பட்டுள்ளன. குழுவிலிருந்து யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
புதுச்சேரி மாநிலம்