எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள்!

கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடு, ரத்தம் கொடு என்று சொல்லும் இடங்களில், அந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்பதையும் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் புண்ணியமாகப் போகும். சொல்லாததால் ஒரு வீடு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பிறந்த வீடு கல்வராயன் மலையில். வயது 36. பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. மூன்றாம் மாதம் 'டபுள் மார்க்கர்' ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பேப்பரில் '1:180, ஹை ரிஸ்க்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கொடுத்தவர்கள், "பெரிய டாக்டரைப் பாருங்க" என்றதோடு சரி. மாமியார், "குறைப் பிள்ளையாம், கலைச்சிட்டு வந்துடு" என்கிறார். புருஷன், "சொந்தத்துல கட்டினதால வந்த வினை" என்கிறார். அவளோ, "கிரகணத்தன்னிக்கு வெளியே போனேனே, அதனாலயாக்கா?" என்று என்னிடம் அழுகிறாள்.

அவளுக்குத் துணையாக வேறொரு டாக்டரிடம் போனேன். பிளஸ் டூ படித்த எனக்கே புரிகிற மாதிரி அவர் விளக்கினார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். 21ம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்டால் அதுதான் டவுன் சிண்ட்ரோம். பெரும்பாலும் கரு உருவாகும்போதே தற்செயலாக நேர்வது. கிரகணமும் காரணமில்லை, சாப்பிட்ட பப்பாளியும் காரணமில்லை. சொந்தத்தில் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு கூடும். இதற்கு அது காரணமில்லை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது: 20 வயதில் ஏறக்குறைய 1500ல் ஒன்று, 35ல் 350ல் ஒன்று, 40ல் 100ல் ஒன்று. ஆனால் இளம் வயதில் பிள்ளை பெறுகிறவர்களே அதிகம் என்பதால், சின்ன வயதுத் தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது.

1:180 என்றால்? இதே முடிவு வந்த 180 கர்ப்பிணிகளை வரிசையாக நிறுத்தினால், ஒருத்தியின் குழந்தைக்கு இருக்கும். 179 பேருக்கு இருக்காது. இது வெறும் வடிகட்டல்தான், தீர்ப்பு அல்ல. 'லோ ரிஸ்க்' என்று வந்தாலும் அது உத்தரவாதம் அல்ல. உறுதியாகத் தெரிய 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. தாயின் ரத்தத்திலேயே கருவின் மரபணுவைப் பார்க்கும் புதுப் பரிசோதனையும் இருக்கிறது. செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், அதுவும் வடிகட்டல்தான்.

அவள் மேற்கொண்டு என்ன செய்தாள் என்பது அவள் வீட்டு விஷயம். ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்தாள். 1971ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம்தான் முக்கியம். மாமியார் சொன்னார், புருஷன் சொன்னார் என்று அவள் இஷ்டமில்லாமல் கலைக்க முடியாது.

சகோதரிகளே, நாள் தள்ளிப்போனால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்துவிடுங்கள். கழுத்துப் பகுதியைப் பார்க்கும் என்.டி. ஸ்கேனும் இந்த ரத்தப் பரிசோதனையும் 11 முதல் 13 வாரத்துக்குள்தான். வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து பஸ் பிடித்துக் கீழே இறங்கி வருவதற்குள் நம் பெண்களுக்கு நாள் கடந்துவிடுகிறது. கடைசி மாதவிலக்குத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆதாரில் குத்துமதிப்பாகப் போட்ட வயதைச் சொல்லாமல் நிஜ வயதைச் சொல்லுங்கள். வயதும் வாரமும் தப்பானால் கணக்கே தப்பாகிவிடும். "இது எதுக்கு? முடிவு வந்தா அடுத்து என்ன?" என்று ரத்தம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

டவுன் சிண்ட்ரோம் என்றாலே வாழ்வு முடிந்தது என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு இருக்கலாம், கற்பது மெதுவாக இருக்கும். ஆனால் சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தால் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். இப்படி ஒரு மகளைப் பெற்ற டாக்டர் சுரேகா ராமச்சந்திரன், சென்னையில் இத்தகைய குடும்பங்களுக்காக ஒரு அமைப்பையே நடத்தி வழிகாட்டியவர்.

2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். சந்தோஷம். ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், மலையிலிருந்து வரும் பெண்ணுக்கும் புரிகிற பேச்சில் விளக்க ஒரு நர்ஸம்மாவை உட்கார வைத்தால் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.