வண்ணத்தை உரிக்கும் கரைப்பான், சட்டத்தை உரிக்கும் அரசு

மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கும். மே, ஜூன் மாதங்களில் தில்லியிலும் ஃபரிதாபாத்திலும் நிழலிலேயே வெப்பம் அந்த அளவைத் தாண்டுகிறது. ஆகவே, அந்தக் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே அதன் தொட்டியைத் திறந்துவைத்து வேலை வாங்குகிற முதலாளி, அடுப்பு மூட்டாமலேயே நஞ்சைக் கொதிக்க வைக்கிறார். அங்கே ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தால் அதை ‘விபத்து’ என்று எழுதுபவர்களோடுதான் நமக்கு வழக்கு.

தொழில் வட்டாரத்தில் இதற்கு எம்.டி.சி. என்று பெயர். கடையில் விற்கும் ‘பெயின்ட் ரிமூவர்’ டப்பாக்கள் பலவற்றில் இருக்கும் சரக்கு இதுதான். பவுடர் கோட்டிங் பட்டறைகளில் கொக்கிகளில் படிந்த பூச்சை நீக்கவும், மோட்டார் வாகனப் பட்டறைகளில் பழைய வண்ணத்தை எடுக்கவும், மரச்சாமான்களின் பாலிஷை உரிக்கவும் இது பயன்படுகிறது. தடவிச் சில நிமிடங்களில் வண்ணம் கொப்புளித்து எழும்பும். இதன் ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனமானது. அது மேலே போகாது. குழியிலும் தொட்டியிலும் குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகிலும் தேங்கி நிற்கும். மூளையை மந்தமாக்கி மயக்கும். உடலுக்குள் சென்றதும் அது சிதைந்து கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. பூட்டிய அறையில் கரியடுப்புப் புகைந்து ஆளைக் கொல்லும் அதே வாயு. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் உடலுக்குள் அந்த உற்பத்தி சில மணி நேரம் தொடர்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருட்களின் 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது.

‘வாடை வந்தால் வெளியே வந்துவிடு’ என்பதுதான் மேஸ்திரிகள் சொல்லும் பாதுகாப்புப் பாடம். அமெரிக்கச் சட்டம் 1997இல் எட்டு மணி நேர வேலைக்கு வகுத்த வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. மனித மூக்கு இதன் வாடையை உணர்வதோ ஏறத்தாழ 200 பங்கைத் தாண்டிய பிறகு. மூக்கு எச்சரிக்கும்போது வரம்பு பல மடங்கு மீறப்பட்டாயிற்று! முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய சாதாரண முகமூடியையும் நம்ப முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் கவசம் வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையை இந்தக் கரைப்பான் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ‘கையுறை கொடுத்தோம், அவர் போடவில்லை’ என்று தொழிலாளியின் அலட்சியத்தைப் பேசும் நிர்வாகங்கள், கொடுத்தது எந்தக் கையுறை என்பதை மட்டும் சொல்வதில்லை.

இத்தகைய பொருள் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது? 2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, திராவகம் வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி ஏட்டளவிலேனும் இருக்கிறது. எம்.டி.சி. கேனுக்கு அதுவும் கிடையாது. ஒன்றிய அரசு இந்தப் பொருளை அறியாததல்ல. உள்நாட்டு உற்பத்தியாளர்களின் விலை சரிகிறது என்ற முறையீடு வந்தபோது, மெத்திலீன் குளோரைடு இறக்குமதிமீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை, யாருக்கு எவ்வளவு நட்டம் என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிக்க அதற்கு ஆட்களும் நேரமும் இருந்தன. அதே பொருளைச் சுவாசிப்பவர்களின் கணக்கை எடுக்கத்தான் எவரும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொண்ட வண்ண நீக்கிகளைப் பொதுமக்கள் பயன்பாட்டிலிருந்தும் தொழில்முறைப் பயன்பாட்டிலிருந்தும் 2012க்குள் படிப்படியாக விலக்கியது. சில விலக்குகளையும், ஆலைகளுக்குள் நிபந்தனையோடு கூடிய பயன்பாட்டையும் மட்டும் விட்டுவைத்தது. அமெரிக்காவின் கதை வர்க்கப் பாடம். 1980 முதல் 2018 வரை அங்கே இந்தக் கரைப்பானால் நேர்ந்த 85 மரணங்களை ஆய்வாளர்கள் தொகுத்தனர். அவற்றில் 74 வேலையிடத்து மரணங்கள். 2017 ஜனவரியில் முன்மொழியப்பட்ட தடை, நுகர்வோரோடு தொழில்முறைப் பயன்பாட்டையும் உள்ளடக்கியிருந்தது. டிரம்ப் ஆட்சி 2019இல் இறுதி செய்த விதியோ, நுகர்வோருக்கான விற்பனையை மட்டும் தடுத்து, கூலிக்கு வண்ணம் உரிப்பவர்களைக் கைவிட்டது. செத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் யாரோ, அவர்களையே சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். பெரும்பாலான தொழில் பயன்பாடுகளுக்கும் தடை வர 2024 ஆயிற்று.

இங்கே என்ன நடக்கிறது? போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்முறைகள் பற்றிய தனி அத்தியாயம் சேர்ந்தது. ஆபத்துகளைப் பற்றிய தகவலைத் தொழிலாளிக்கு வெளியிடும் கடமை நிர்வாகத்தின் மேல் விழுந்தது. அந்தச் சட்டத்தில் மின்விசையோடு பத்துப் பேர், அது இல்லாமல் இருபது பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதை இருபது, நாற்பது என்று இரட்டிப்பாக்கியது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பவுடர் கோட்டிங் பட்டறை நவம்பர் 20 வரை தொழிற்சாலை, மறுநாள் அல்ல. தொட்டி அதேதான், ஆவியும் அதேதான். அபாயகரமான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தால் இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று தொகுப்பின் ஆதரவாளர்கள் பதில் சொல்வார்கள். ‘செய்தால்’! உரிமையாக இருந்தது அரசின் கருணையாகிவிட்டது. வீட்டுக் கதவை உரிக்கும் பெயின்டரின் நிலை இதைவிட மோசம். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கட்டுமான வேலையும், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையும் கட்டுமானப் பணி என்ற வரையறைக்குள்ளேயே வராது. அவர் உப்புத்தாளால் தேய்த்தால் பழைய வண்ணத்தின் ஈயத்தூள் (90 பங்கு என்ற ஈய வரம்பே 2017 நவம்பரில்தான் வந்தது), கரைப்பான் தடவினால் இந்த ஆவி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் மட்டும் அவருக்கு உண்டு.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று அரசு பெருமை பேசுகிறது. தொட்டிக்குள் மயங்கி விழும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? பார்வைக்கு மாரடைப்பு போலவே தோன்றும் சாவு இது. இரத்தத்தில் தேடினால்தான் காரணம் தெரியும். தேடச் சொல்ல, டப்பாவில் என்ன இருந்தது என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இழப்பீட்டு வழக்கு வாசலிலேயே முடிந்துவிடும்.

‘தடை செய்தால் சிறு பட்டறைகள் மூடப்படும், வேலை போகும்’ என்ற வாதம் நம் சங்கங்களுக்குள்ளும் ஒலிக்கிறது. பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான நீக்கிகள் இருக்கின்றன. கொக்கிகளுக்குப் பூச்சை எரித்தகற்றும் உலைகள் இருக்கின்றன. முன்னது மெதுவாக வேலை செய்யும், பின்னதற்கு முதலீடு வேண்டும். ஆக, எம்.டி.சி.யின் ‘சிறப்பு’ என்பது முதலாளி மிச்சப்படுத்தும் மணித்துளிகளும் பணமும்தான். துண்டுக்கூலிக்காரரையும் அந்த வேகத்துக்கு அடிமையாக்கி வைத்திருக்கிறார்கள். வெண் பாஸ்பரஸ் இல்லாமல் தீக்குச்சி செய்ய முடியாது என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். தாடை அழுகிச் செத்தவர்கள் பலர். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 1913இல் காலனி அரசே தடைச் சட்டம் இயற்றியது. தீப்பெட்டித் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை.

ஆபத்துப் படி கேட்டு வாங்கி அமைதியடையும் சங்கப் பழக்கத்தை இந்த விஷயத்தில் நாம் ஏற்க முடியாது. மாதம் சில நூறு ரூபாய்க்கு நுரையீரலை ஏலம் விடுவது பேரம் ஆகாது. கிளைத் தோழர்கள் முதலில் பார்க்க வேண்டியது டப்பாவை. பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளில் 75-09-2 என்ற எண் இருந்தால் அது மெத்திலீன் குளோரைடு. தாளே தர மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தரவுத் தாள் தொழிலாளி படிக்கும் மொழியில் வேண்டும், மாற்று நீக்கி வேண்டும், அது வரும்வரை காற்றோட்டம் இல்லாத இடத்தில் தொட்டியைத் திறக்கக் கூடாது, மெதுவான முறைக்கு மாறும்போது துண்டுக்கூலி அதற்கேற்ப உயர வேண்டும். இந்த நான்கும் இவ்வாண்டின் கோரிக்கைப் பட்டியலில், போனஸுக்கு முன்னால் இடம்பெறட்டும்.