பர்ஸ் ஜோர்... பில் யாருக்கு?

செத்துப்போன கம்ப்யூட்டர் கீபோர்டு வீட்டில் கிடக்கிறதா? திருப்பிப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சாதாரண கீபோர்டு என்றால், உள்ளே கோடு கோடாக அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். வெட்டி, மடித்து, ஓரம் தைத்தால் ஜோரான பர்ஸ் ரெடி! தாராளமாகச் செய்யுங்கள். சர்க்யூட் போர்டை மட்டும் அறுக்காதீர்கள். அந்தத் தூளில் கண்ணாடி இழை இருக்கும். பழைய போர்டு என்றால் ஈயமும் இருக்கும்.

பர்ஸோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு மேடை போட்டு, 'பூமியைக் காப்பாற்றிய பிள்ளை' என்று பரிசு கொடுக்கிறார்களே, அதோடுதான் சண்டை. பர்ஸுக்குப் போனது ஒரு தாள். மிச்ச கீபோர்டு? காயலான் கடைக்கு!

கெட்டுப்போன பொருளை என்ன செய்வது? நம்ம விருத்தாசலம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. கொலு பொம்மைக்கு மட்டுமா பேர்போனது அந்தப் பீங்கான் ஊர்? மீட்டர் பெட்டியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே ஃபியூஸ் கேரியர், அதையும் செய்த ஊர். ஃபியூஸ் போச்சா? மெயினை அணை, பிடுங்கு, கம்பியை மாற்று, செருகு. போனது ஒரு துண்டுக் கம்பி. பீங்கான் அப்படியே இருக்கும். இன்றைய எம்.சி.பி. அதைவிடப் பாதுகாப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கெட்டதை மட்டும் மாற்றும் அந்தப் புத்தியை ஏன் சேர்த்துத் தூக்கிப் போட்டோம்? செல்போன் பேட்டரியையே பசை போட்டு ஒட்டி அல்லவா விற்கிறார்கள்!

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் தெரியும். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம். பேரேட்டில் மதிப்பு கரையும், பொருள் கரையுமா? 2022-ல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அறிக்கை.

தயாரித்த கம்பெனிதான் இந்தக் குப்பைக்குப் பொறுப்பு என்ற விதி இந்தியாவில் 2012 மே மாதமே அமலுக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகளும் வந்தாச்சு. கம்பெனி தலையில் சட்டம் ஏற்றிய சுமையை நாம் இறக்கி, கத்தரிக்கோலோடு ஏழாங்கிளாஸ் பையன் கையில் கொடுக்கிறோம். கைதட்ட வேறு செய்கிறோம்!

அடுத்த முறை கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். பேட்டரி மாற்ற முடியுமா? ஸ்பேர் கிடைக்குமா? பழசை எங்கே திருப்பித் தருவது? பதில் வராத இடத்தில் பர்ஸைத் திறக்காதீர்கள். அது தோல் பர்ஸானாலும் சரி, கீபோர்டு பர்ஸானாலும் சரி!